இருட்டில் தனம் சொன்னது

விளக்கு அணைந்ததும் எங்கள் பெஞ்சு ஒரு குலுக்குக் குலுங்கியது. பெண்கள் பகுதியில் உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் ஒரே சமயத்தில் முன்னால் சாய்ந்தார்கள். மல்லிகையும் வேர்வையும் வறுத்த வேர்க்கடலையும் கலந்த ஒரு வாசனை. எனக்கு வலப்பக்கம் மெஹர். இடப்பக்கம் தனம். நடுவில் நான்.

அப்படி உட்கார வேண்டும் என்று நாங்கள் நினைக்கவில்லை. பள்ளிக்கூடத்திலும் தெருவிலும் தனம் எப்போதும் எனக்கு வலப்பக்கம்தான் இருப்பாள். அன்றைக்கு எங்களுக்குத் துணையாக வந்தவர் மெஹருடைய சித்தி. அவள் 'காலா' என்று கூப்பிடுவாள், நாங்களும் அப்படியே கூப்பிட்டோம். கூட்டத்தில் எங்களை ஒவ்வொருத்தியாகப் பிடித்து இழுத்து அவர் உட்கார வைத்ததில் இடம் மாறிவிட்டது.

மாறி உட்காரலாம் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் திரை முழுக்கப் புகை வந்தது. புகைக்குள்ளிருந்து ஒரு கட்டில் பறந்து வந்தது. கட்டிலில் ஓர் இளவரசன் காலை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். இடம் மாறுவதை மறந்துபோனேன்.

போன வாரம் இந்தப் பகுதியில் தையல் வகுப்பைப் பற்றி எழுதியதைப் படித்துவிட்டு ஒரு வாசகி கடிதம் போட்டிருந்தார். "உங்கள் தோழிகளைப் பற்றி ஆங்காங்கே ஒரு வரி எழுதிவிட்டு நழுவிவிடுகிறீர்களே, ஏன்?" என்று கேட்டிருந்தார். நழுவுகிறேன் என்பது உண்மைதான். இத்தனை வாரம் தள்ளிப்போட்டதை இன்றைக்கு எழுதிவிடுகிறேன்.

மாட்டு வண்டியில் வந்த கிளி

படம் மெட்ராஸில் வெளியாகிப் பல வாரம் ஓடிய பிறகுதான் காஞ்சிபுரத்துக்கு வந்தது. அதற்கு முன்பே அதன் புகழ் வந்துவிட்டது. மெஹரின் மாமன் மகள் ஒருத்தி மெட்ராஸில் பார்த்துவிட்டு வந்து, பாதிக் கதையைச் சொல்லி, மீதியைச் சொல்லமாட்டேன் என்று எங்களைக் கெஞ்ச வைத்தாள். கடைசி இரண்டு ரீல் கலரில் வரும் என்றாள். கடலுக்கு அடியில் கண்ணாடி மாளிகை, அதற்குள் நிஜ மீன் நீந்தும் என்றாள். நாங்கள் நம்பினோம்.

ஒரு நாள் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது அந்த மாட்டு வண்டி எதிரில் வந்தது. இரண்டு பக்கமும் தட்டி கட்டி, அதில் ஆளுயரத்துக்கு ஒரு பச்சைக்கிளி. முன்னால் ஒருவர் தப்பட்டை அடிக்க, பின்னால் இருந்தவர் ரோஸ் கலர் நோட்டீஸை அள்ளி வீசினார். மெஹர் புத்தகப் பையைக் கீழே போட்டுவிட்டு ஓடி, மூன்று பேருக்கும் சேர்த்து ஒன்றே ஒன்று பிடித்து வந்தாள். அது அவளுடைய பூகோளப் புத்தகத்துக்குள் போயிற்று. பூகோள வகுப்பில் நாங்கள் மூன்று பேரும் அவ்வளவு கவனமாகப் புத்தகத்தைப் பார்ப்பதைக் கண்டு டீச்சர் சந்தோஷப்பட்டார்.

அப்போது ஒன்பதாவது படித்துக்கொண்டிருந்தோம். மெஹருன்னிசாவின் அப்பாவுக்குக் கடைத்தெருவில் லுங்கி, பனியன் வியாபாரம். அவளால் ஒரு விஷயத்தை ஒரு மணி நேரத்துக்கு மேல் மனசுக்குள் வைத்திருக்க முடியாது. ரகசியம் என்றால் அவள் காதில் போடக் கூடாது என்று வகுப்புக்கே தெரியும்.

தனம் அவளுக்கு நேர் எதிர். ஓரிக்கையில் விவசாயக் குடும்பம். பாலாற்றுப் பக்கமிருந்து தினமும் நடந்து வருவாள். பாவாடை ஓரத்தில் எப்போதும் கொஞ்சம் ஆற்று மணல் ஒட்டியிருக்கும். பத்து வார்த்தை பேச வேண்டிய இடத்தில் மூன்று வார்த்தை பேசுவாள். கணக்கில் வகுப்பிலேயே முதல்.

அவள் பள்ளிக்கூடத்துக்கு வந்ததே என் அப்பாவால்தான். அவளுடைய அப்பாவும் என் அப்பாவும் சின்ன வயதில் ஒரே பெஞ்சில் படித்தவர்கள். தனம் ஐந்தாவது முடித்ததும் அவளை நிறுத்திவிடுவதாக இருந்தார்கள். என் அப்பா சைக்கிளை எடுத்துக்கொண்டு ஓரிக்கைக்குப் போனார். நானும் பின்னால் உட்கார்ந்து போனேன்.

"பொண்ணு நல்லாப் படிக்குதுப்பா. நிறுத்திடாதே. என் பொண்ணு கூட வந்து போவட்டும்."

அவள் அப்பா கொஞ்ச நேரம் மாட்டுக்கு வைக்கோல் உதறிப் போட்டுக்கொண்டிருந்தார். பிறகு, "நீ வந்து சொல்றே. தட்ட முடியுமா? அனுப்பறேன்" என்றார். அவ்வளவுதான் பேச்சு. கதவுக்குப் பின்னால் நின்றிருந்த தனம் என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினாள்.

சினிமாவுக்கும் அப்படித்தான் அனுமதி கிடைத்தது. "என் பொண்ணும்தான் போவுது" என்று அப்பா சொல்லியனுப்பினார். அது போதுமானதாக இருந்தது.

எங்கள் வீட்டுச் சத்தம்

இங்கே என் காதைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

எங்கள் வீட்டில் மூன்று தறி. காலையில் அப்பா உட்கார்ந்ததும் தொடங்குகிற சத்தம் சாயங்காலம் விளக்கு வைக்கும்போதுதான் ஓயும். அந்த வீட்டில் யாரும் மெல்லப் பேசி நான் பார்த்ததில்லை. அம்மா சமையற்கட்டிலிருந்து கூப்பிடமாட்டாள். நேரே வந்து முகத்துக்கு முன்னால் நின்று, கையை வாயருகே கொண்டுபோய்க் காட்டுவாள். சாப்பிட வா என்று அர்த்தம். அப்பா இரண்டு விரலைக் காட்டினால் இரண்டு நூல்கண்டு. தறிக்காரர் வீடுகளில் எல்லோருக்குமே பாதிப் பேச்சு கையிலும் கண்ணிலும்தான்.

அதனால்தான் யாரும் கவனிக்கவில்லை. சின்ன வயதில் ஒரு பெரிய காய்ச்சல் வந்து, அதற்குப் பிறகு பல மாதம் காதில் சீழ் வடிந்ததாம். பூண்டு போட்டுக் காய்ச்சிய எண்ணெயை விட்டார்கள். சீழ் நின்றது. காது சரியாகிவிட்டது என்று எல்லோரும் நினைத்தார்கள். நானும்.

குள்ளமாக இருந்ததால் பள்ளியில் முதல் பெஞ்சு. டீச்சர் கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டு பேசினால் எனக்கு ஒன்றும் புரியாது. டீச்சர்கள் திரும்பிக்கொண்டால் யாருக்குமே புரியாது போலிருக்கிறது என்று எண்ணிக்கொள்வேன். சில டீச்சர்கள் என்னை மந்தம் என்றார்கள். அதையும் நம்பினேன். தனம் எதற்காக எப்போதும் வலப்பக்கம் வேண்டியிருந்தது என்று ஒரு நாளும் யோசித்ததில்லை. இடப்பக்கம் இருந்தால் ஏதோ சங்கடமாக இருக்கும், அவ்வளவுதான்.

எல்லோரும் உதட்டைப் பார்த்துத்தான் பேச்சைப் புரிந்துகொள்கிறார்கள் என்று பதினாலு வயது வரை நினைத்துக்கொண்டிருந்தேன்.

பெண்கள் பெஞ்சு

பெண்கள் டிக்கெட் வாங்குகிற இடத்தில் மூங்கில் தட்டி கட்டி ஓர் ஆள் மட்டும் நுழைகிற சந்து வைத்திருந்தார்கள். அந்தச் சந்தில் காலா முன்னால் போக, அவருடைய புர்காவை மெஹர் பிடித்துக்கொள்ள, மெஹருடைய தாவணியை நான் பிடித்துக்கொள்ள, என் பின்னலைத் தனம் பிடித்துக்கொண்டாள். வெளியே வந்தபோது என் ரிப்பன் இல்லை. யாருக்கும் கவலையில்லை.

உள்ளே பாட்டுப் புத்தகம் விற்றார்கள். அதில் கதைச் சுருக்கம் போட்டிருந்தது. சாபத்தால் கிளியாகிவிட்ட இளவரசி, பறக்கும் கட்டிலில் அவளைத் தேடிப் போகிற இளவரசன் என்று தொடங்கி, அவன் கண்ணாடி மாளிகைக்குள் நுழைகிற இடத்தில் கதையை நிறுத்தி, மீதியைத் திரையில் பாருங்கள் என்று முடித்திருந்தார்கள். மெஹர் அதைத் திட்டினாள்.

படம் எனக்கு ரொம்பப் பிடித்தது. இதை ஒளிக்க வேண்டியதில்லை. அவ்வளவு பெரிய முகங்களை நான் பார்த்ததே இல்லை. ஒவ்வோர் உதடும் ஒரு தலையணை நீளம். அவர்கள் பேசியதில் பெரும்பகுதி எனக்குப் புரிந்தது. பள்ளிக்கூடத்தில் புரிகிறதைவிட அதிகமாகவே புரிந்தது.

கிளிதான் புரியவில்லை. இளவரசனின் தோளில் வந்து உட்கார்ந்து அலகைத் திறந்து திறந்து மூடியது. உடனே அவன் கலங்கினான். கொட்டகையில் பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்தார்கள். காலா முகத்திரையைத் தூக்கிவிட்டு மூக்கைச் சிந்தினார். ஒரு கிளி அலகைத் திறந்து மூடுவதற்கு ஏன் இத்தனை அழுகை என்று எனக்கு வியப்பாக இருந்தது. நானும் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

இடைவேளைக்குப் பிறகு ஒரு பெரிய நடனம் வந்தது. நூறு பெண்கள் இருப்பார்கள். தரை அதிர்வது என் உள்ளங்கால் வரை வந்தது. அப்போது தனம் என் பக்கம் சாய்ந்தாள். என் இடது காதில் அவள் மூச்சு சூடாகப் பட்டது. காதை மறைத்துக் கையை வைத்துக்கொண்டாள். மெஹருக்குக் கேட்கக் கூடாது என்றுதான் அந்தச் சத்தமான பாட்டு வரும்வரை காத்திருந்தாள் என்பது எனக்கு அப்போது தெரியாது.

அவள் நீளமாகப் பேசினாள். எப்போதும் மூன்று வார்த்தை பேசுகிறவள் மூச்சு விடாமல் பேசினாள். திரையில் ஒரு கோமாளி பானைக்குள் தலை மாட்டிக்கொண்டு தடுமாறினான். அதைப் பற்றித்தான் ஏதோ சொல்கிறாள் என்று நினைத்தேன்.

சிரித்தேன். "சரி, சரி" என்று தலையாட்டினேன்.

தனம் என் கையை எடுத்துத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்து அழுத்தினாள். கொஞ்ச நேரம் கழித்து, மடியிலிருந்த வேர்க்கடலையை ஒவ்வொன்றாக உரித்து என் உள்ளங்கையில் வைத்தாள். படம் முடியும்வரை வைத்துக்கொண்டே இருந்தாள். ஒன்றுகூடத் தான் சாப்பிடவில்லை.

கிளி எங்கே பேசியது?

திரும்பும்போது வெயில் சாய்ந்திருந்தது. கோயில் மதிலோரமாக நடந்து வந்தோம். மெஹர் எங்களுக்கு முன்னால் பின்பக்கமாகவே நடந்துகொண்டு பேசினாள்.

"கிளி பேசுச்சே, அப்ப எனக்கு அழுவ வந்துடுச்சுப்பா!"

"கிளி எங்கடி பேசுச்சு?" என்றேன்.

இரண்டு பேரும் நின்றுவிட்டார்கள். பிறகு மெஹர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"அல்லாவே! கிளி பேசலன்னா படமே கெடயாதே! தூங்கிட்டியா நீ?"

"அவ கட்டிலையே பாத்துக்கினு இருந்திருப்பா" என்றாள் தனம். அன்றைக்கு அவள் முகத்தில் நான் அதற்கு முன் பார்க்காத ஒரு தெளிவு இருந்தது.

நானும் சிரித்தேன். வேடிக்கைக்குச் சொன்னதாகக் காட்டிக்கொண்டேன். ஆனால் தெருமுனையில் அவர்கள் பிரிந்து போன பிறகு அங்கேயே நின்றேன். கிளி பேசியிருக்கிறது. கொட்டகை முழுக்கக் கேட்டிருக்கிறது. எனக்கு மட்டும் கேட்கவில்லை.

மறுநாள் தறியில் ஏற்றுகிற பாவு நூல் வாங்க அப்பா போயிருந்ததால் தறி ஓடவில்லை. தம்பியைக் கூப்பிட்டு, "எனக்குப் பின்னால நின்னுக்கினு என் பேரைச் சொல்லு" என்றேன். சுவரைப் பார்த்து நின்றேன். சுவரில் ஒரு பல்லி இருந்தது. அது ஓடும்வரை நின்றேன்.

"சொல்லுடா" என்று திரும்பினேன்.

"அஞ்சு வாட்டி சொல்லிட்டேங்கா" என்றான்.

அதை யாரிடமும் சொல்லவில்லை. அவனிடமும், இது ஒரு விளையாட்டு என்று சொல்லிவிட்டேன். எங்கள் தெருவில் காது கேளாத ஒரு கிழவர் இருந்தார். அவரை என்ன பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள் என்று எனக்குத் தெரியும். அன்றிலிருந்து ஒரு வார்த்தையை வாயிலிருந்து எடுத்துவிடுவது என்று முடிவு செய்தேன். "என்ன?" என்கிற வார்த்தை. எவர் எதைச் சொன்னாலும் "ம்" என்பேன். சிரித்தால் சிரிப்பேன். எனக்குத் தெரிந்த ஒரே வழி அதுதான்.

நாலைந்து நாள் கழித்து, மத்தியானம், பள்ளிக்கூடத்துக் குழாயடியில் தனம் குனிந்து டிபன் டப்பாவைக் கழுவிக்கொண்டிருந்தாள். தண்ணீர் டப்பாவில் விழுந்து தெறித்தது. பாதி முகம்தான் தெரிந்தது.

"அப்பாகிட்ட சொன்னியா?" என்றாள்.

'அப்பா', 'சொன்னியா' என்ற இரண்டும் பிடிபட்டன. தையல் வகுப்புக்காக மிச்சப் பட்டு நூல் வேண்டும் என்று அவள் ஒரு வாரமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். அதைத்தான் கேட்கிறாள் என்று நினைத்தேன்.

"சொன்னேன்."

"இன்னா சொன்னாரு?"

"சரின்னாரு. அடுத்த வாரம் ஆவட்டும்னாரு."

தனம் நிமிர்ந்தாள். கண்ணில் தண்ணீர் நிறைந்திருந்தது. ஈரக் கையோடு என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

மிச்ச நூலுக்காக யாராவது அழுவார்களா? அந்தச் சந்தேகம் எனக்கு அப்போதே வந்தது. இதை எழுதும்போது நான் என்னைக் காப்பாற்றிக்கொள்ள விரும்பவில்லை. இவள் வேறெதையோ பேசுகிறாள் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. "என்னடி சொல்றே?" என்று ஒரு தடவை கேட்டிருந்தால் போதும். கேட்கவில்லை. கேட்டால் என் குட்டு வெளிப்பட்டுவிடும். சிரித்தேன்.

அரக்குப் புடவை

அடுத்த வாரத்திலிருந்து தனம் பள்ளிக்கு வரவில்லை. காய்ச்சல் என்று யாரோ சொன்னார்கள்.

ஒரு சாயங்காலம் அவளுடைய அப்பா எங்கள் வீட்டுக்கு வந்தார். தறியருகே பலகை போட்டு உட்கார்ந்து இரண்டு பேரும் பேசினார்கள். நான் கதவருகில் நின்று பார்த்தேன். அப்பா ஏதோ கேட்டார். அவர் கையை விரித்தார். அப்பா தலையைக் குனிந்துகொண்டு கொஞ்ச நேரம் நூலை நீவிக்கொண்டிருந்தார். பிறகு மாதிரித் துண்டுகளை எடுத்து விரித்துக் காட்டினார்.

அவர் போனதும் அம்மா என் முகத்துக்கு நேரே வந்து சொன்னாள்: "தனத்துக்குக் கல்யாணமாம். வாலாஜாபாத்தாம் மாப்பிள்ளை. கூறைப் புடவை நம்ம வூட்லதான் நெய்யணுமாம்."

எனக்கு வந்தது கோபம். நான்கு வருஷம் கூடவே இருந்தவள் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லையே என்று கோபம். நடு அறைத் தறியில் அரக்கு நிறப் பாவு ஏறியது. அப்பா தினமும் அதை நெய்தார். நான் தினமும் அதைத் தாண்டிப் பள்ளிக்கூடம் போனேன். ஒரு முறைகூட ஓரிக்கைக்குப் போய் அவளைப் பார்க்கவில்லை. அவளாக வந்து சொல்லட்டும் என்று வீம்பாக இருந்தேன்.

கல்யாணம் விடியற்காலை முகூர்த்தம். பெண்ணை அலங்கரிக்கிற அறையில் பெட்ரோமாக்ஸ் விளக்கு ஒன்று வைத்திருந்தார்கள். எங்கள் வீட்டுப் புடவையைக் கட்டிக்கொண்டு தனம் பாயில் உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் மற்றவர்களைக் கொஞ்சம் நகரச் சொன்னாள். வெளியே நாயனம் தொடங்கியிருந்தது போலிருக்கிறது. எனக்கு அவள் முகம் மட்டும்தான். விளக்கு நேரே அவள் முகத்தில் விழுந்தது. ஒரு சொல்கூடத் தப்பவில்லை.

"நீ கூட இப்பிடிப் பண்ணுவேன்னு நெனக்கல."

"நான் இன்னாடி பண்ணேன்?"

"கொட்டாயில சொன்னேனே, பாட்டு வந்துதே, அப்போ. எங்கப்பா கல்யாணம் பேசிட்டாரு, எனக்கு வேணாம், பள்ளிக்கூடம் முடிக்கிற வரைக்கும் வுடச் சொல்லி உங்கப்பாவ வந்து பேசச் சொல்லுன்னு. அவரு சொன்னாதான் எங்கப்பா கேப்பாருன்னு. நீ சிரிச்சுக்கினே சரி சரின்னே."

அவள் புடவை மடிப்பை நீவிக்கொண்டே தொடர்ந்தாள்.

"கொழாயாண்ட கேட்டேன். சரின்னாரு, அடுத்த வாரம்னே. தெனம் வாசலப் பாத்துக்கினு ஒக்காந்திருந்தேன். பொடவை சொல்ல எங்கப்பாவே உங்க வூட்டுக்கு வந்தாரு. அன்னிக்காவது பேசுவாருன்னு சாமிய வேண்டிக்கினேன். இன்னா கலரு வேணும்னு கேட்டு அனுப்பிச்சாரு."

அவள் அழவில்லை. அதைச் சொல்லி முடித்துவிட்டு வளையல்களை ஒவ்வொன்றாக மேலே தள்ளிக்கொண்டிருந்தாள். "தனம், எனக்குக் காது..." என்று தொடங்கினேன். யாரோ ஓர் அம்மாள் நடுவில் புகுந்து அவளைத் தோளைப் பிடித்து எழுப்பினாள். கூட்டம் அவளை வெளியே கொண்டுபோனது. அந்த அறையில் நானும் பெட்ரோமாக்ஸும் சிதறிய பூவும் மிச்சம்.

திரும்பும் வழியில் ஓரிடத்தில் மணல் அதிகம். அப்பா இறங்கிச் சைக்கிளைத் தள்ளினார். நான் அவருக்கு முன்னால் போய் நின்றுகொண்டேன், முகம் தெரியட்டும் என்று.

"நீ போய்ப் பேசியிருந்தா தனத்தோட அப்பா கல்யாணத்தத் தள்ளிப் போட்டிருப்பாராப்பா?"

அப்பா யோசித்தார். "போட்டிருப்பான். பொடவை சொல்ல வந்தப்பவே எனக்கு மனசு ஆவல. படிக்கிற பொண்ணாச்சேன்னு கேட்டேன். பொண்ணுக்கும் சம்மதம்தான்னான். யாராச்சும் எங்கிட்ட வந்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தா வுட்டிருக்க மாட்டேன். ஏன் கேக்கற?"

"சும்மாதான்" என்றேன்.

கருவி

என் விஷயம் அடுத்த வருஷம் வெளியே வந்தது. தையல் டீச்சர்தான் கண்டுபிடித்தார். மெட்ராஸ் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். இடது காதில் நரம்பு முழுக்கப் போய்விட்டது, வலது காதில் கொஞ்சம்தான் மிச்சம், ஒன்றும் செய்வதற்கில்லை என்றார்கள். அம்மா வழி முழுக்க அழுதாள். யாரிடமும் சொல்லாதே என்றாள். மெஹரிடம் மட்டும் சொன்னேன். அவள் அதை யாரிடமும் சொல்லவில்லை. அவள் வாழ்க்கையில் காப்பாற்றிய ஒரே ரகசியம் அதுவாகத்தான் இருக்கும். அந்த வருஷக் கடைசியில் அவர்கள் குடும்பம் வேலூருக்குப் போய்விட்டது.

பிறகு எனக்குத் தோழி என்று யாரும் அமையவில்லை. அமைத்துக்கொள்ளவில்லை என்பதுதான் சரி. ஓர் அச்சகத்தில் மெய்ப்புப் பார்க்கிற வேலை கிடைத்தது. காகிதம் என்னிடம் எதையும் காதில் சொல்லாது. ஒரு நாளைக்குப் பத்துச் சொல் பேசினால் அதிகம். சாப்பாட்டு நேரத்தில் மற்றவர்கள் வட்டமாக உட்கார்ந்து சிரிப்பார்கள். நான் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொள்வேன். எழுத்துப் பெட்டிகளுக்கு மேலே இருந்த அந்த ஜன்னலில் ஒரு பூவரச மரம் தெரியும். அதன் ஒவ்வொரு கிளையும் எனக்கு மனப்பாடம்.

தனத்துக்குக் கடிதம் எழுதப் பல தடவை உட்கார்ந்தேன். எழுதிப் படித்தால் சாக்குச் சொல்வது போலவே இருந்தது. எனக்கு அன்றைக்குக் கேட்கவில்லை என்றால் யார் நம்புவார்கள்? நம்பினாலும் குழாயடியில் நடந்ததற்கு என்ன பதில்?

தனத்தின் கல்யாணம் முடிந்து ஏழெட்டு வருஷம் கழித்து, ஓர் ஆஸ்பத்திரி மூலமாக எனக்குக் காதுக் கருவி கிடைத்தது. தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய பெட்டி. அதை ரவிக்கைக்குள் செருகிக்கொள்ள வேண்டும். அதிலிருந்து ஒரு வயர் காதுக்குப் போகும். பேச்சு தெளிவாகக் கேட்காது. சத்தம் மட்டும் இரைச்சலாக வரும். ஆனாலும் அதை மாட்டிக்கொண்ட முதல் ஞாயிற்றுக்கிழமை வாலாஜாபாத் பஸ் ஏறினேன். சொல்லப்போவதை நிரூபிக்க என்னிடம் இப்போது ஒரு பொருள் இருந்தது.

வாலாஜாபாத்

தனத்தின் வீடு ஓர் அரிசி மில்லுக்குப் பின்னால் இருந்தது. தெருவெல்லாம் புழுங்கல் வாசனை. களத்தில் நெல்லைக் காலால் கிளறிவிட்டுக்கொண்டிருந்தாள். உடம்பு கொஞ்சம் பெருத்திருந்தது. இடுப்பில் ஒரு குழந்தை, முந்தானையைப் பிடித்துக்கொண்டு இன்னொன்று.

என்னைப் பார்த்ததும் நின்றாள். பிறகு அவள் கண் என் காதுக்குப் போயிற்று. அங்கிருந்து வயரைப் பிடித்துக்கொண்டு கீழே இறங்கியது.

"இது இன்னா?"

சொன்னேன். களத்து ஓரத்தில் உட்கார்ந்து, காய்ச்சலிலிருந்து தொடங்கி எல்லாவற்றையும் சொன்னேன். கிளியைச் சொன்னேன். சுவரைப் பார்த்து நின்றதைச் சொன்னேன். குழாயடியில் சந்தேகம் வந்தும் கேட்காமல் விட்டதையும் சொன்னேன். அதைச் சொல்லும்போது அவளைப் பார்க்க முடியவில்லை.

குருவிகள் வந்து நெல்லில் உட்கார்ந்தன. அவள் விரட்டவில்லை. பிறகு என் தாடையைப் பிடித்து முகத்தைத் தன் பக்கம் திருப்பினாள். எனக்கு அவள் உதடு தெரிய வேண்டும் என்று எப்படித் தெரிந்ததோ.

"அன்னிக்கே காது கேக்கலன்னு சொல்லியிருந்தா, திருப்பிச் சொல்லியிருப்பேனேடி" என்றாள். "மெஹருக்குக் கேட்டா கேக்கட்டும்னு கத்திச் சொல்லியிருப்பேன்."



அவள் எழுந்துபோய்ச் சோறு போட்டாள். புருஷன் நல்ல மனிதர் என்றாள். மில்லில் வேலையாம். பெரியவள் கணக்கில் கெட்டிக்காரி என்றாள். பரவாயில்லை, விட்டுவிடு என்று அவள் சொல்லவில்லை. நானும் அதை எதிர்பார்த்துப் போகவில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அவள் சொல்லாதபோதுதான் எதிர்பார்த்திருக்கிறேன் என்று தெரிந்தது.

பஸ் நிறுத்தம் வரை வந்தாள். பஸ் வந்தது. ஏறி ஜன்னலோரமாக உட்கார்ந்தேன். பஸ் நகர்ந்த பிறகு தனம் கையை வாயருகே குவித்து ஏதோ சொன்னாள். என்ஜின் இரைச்சல் முழுக்கக் கருவிக்குள் புகுந்துவிட்டது. குவித்த கைக்குள் உதடும் தெரியவில்லை.

என் தலை தானாக ஆடத் தொடங்கியது. பழக்கம். சிரிக்கக்கூடத் தயாராகிவிட்டேன்.

எழுந்தேன். "நிறுத்துங்க, எறங்கணும்" என்று கத்தினேன். என் குரல் எவ்வளவு உரக்க வந்தது என்று எனக்குத் தெரியாது. பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. கண்டக்டர் திட்டிக்கொண்டே விசிலை ஊதினார். இறங்கி, வெயிலில், அவ்வளவு தூரமும் திரும்பி நடந்தேன். தனம் அங்கேயே நின்றுகொண்டிருந்தாள்.

"இன்னா சொன்னே?" என்று கேட்டேன்.

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "லெட்டர் போடுன்னேன். அதுக்கா எறங்கி வந்தே?"

"அதுக்குத்தான்."

அடுத்த பஸ்ஸுக்கு நேரம் இருந்தது. களத்தில் நெல் கிடந்தது, குழந்தை தூங்கி எழுந்திருக்கும். அவள் போக வேண்டியிருந்தது, போனாள். புளியமரத்தடிக் கல்லில் நான் தனியாகத்தான் உட்கார்ந்திருந்தேன். அவள் என்ன சொன்னாள் என்று எனக்குத் தெரிந்திருந்தது.